முப்பத்தைந்து வெள்ளி பிரேக்

கருகல் வாசம் முதலில் என் மனைவிக்குத்தான் எட்டியது. "யாராவது ரப்பர் எரிக்கிறாங்களா?" என்று பின்னிருக்கையிலிருந்து கேட்டாள்.

ரிங்லெட்டைத் தாண்டி, தாப்பாவை நோக்கிப் பழைய பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். பள்ளி விடுமுறையின் கடைசி ஞாயிறு. பின்னால் மனைவி, அம்மா, இருவருக்கும் நடுவில் ஐந்து வயது மகள். காரின் பின்பகுதி நிறைய முட்டைக்கோஸ், சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இரண்டு பூச்சட்டிகள். முன்னிருக்கையில் அப்பா.

"நம்ம காடிதான்யா" என்றார் அப்பா, சன்னலை இறக்கியபடி. "கியரைக் குறை."

"இது ஆட்டோப்பா. அதுவே பாத்துக்கும்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வலது கால் தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அங்கே அவருக்குப் பிரேக் இல்லை, இருந்தாலும் மிதித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மூன்று வளைவுகளில் பெடல் கல்லைப் போல இறுகியிருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் வேகம் சரியாகக் குறையவில்லை. நான்காவது வளைவில் அது தலைகீழாக மாறியது. கால் பஞ்சுக்குள் போவதுபோல உள்ளே போனது. எதிரே ஒரு காய்கறி லோரி ஏறி வந்துகொண்டிருந்தது. அப்பா சத்தம் போடவில்லை. "விட்டு விட்டு மிதி. கியரை ஒண்ணொண்ணா இறக்கு" என்றார். 'டி'-க்குக் கீழே இருக்கும் எழுத்துகளை அந்த ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தொட்டேன். இன்ஜின் அலறியது. கார் முனகிக்கொண்டே வேகம் இழந்தது. லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி ஓரத்துக் கடைகளின் முன்னால் கைப்பிரேக்கையும் சேர்த்து இழுத்து ஒருவழியாக நிறுத்தினேன்.

முதலில் இறங்கியவர் அப்பாதான். ஓரத்தில் கிடந்த ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்து முன் டயருக்கு முட்டுக் கொடுத்தார். பிறகுதான் மற்றவர்களை இறங்கச் சொன்னார். முன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை வந்தது. கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு போன என்னைத் தடுத்தார். "கொதிக்கிற இரும்புல பச்சைத் தண்ணிய ஊத்தினா கோணிக்கும், வெடிக்கும். அது பாட்டுக்கு ஆறட்டும்."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பூர்வகுடியினர் கடையில் அம்மா பெத்தாய் வாங்கினார். வாங்கும்போதே, 2013-இல் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததை நினைவுபடுத்தினார். யாரும் பதில் பேசவில்லை. மகள் மட்டும் அருவியில் கால் நனைக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

மிச்சப் பாதையை அப்பா சொன்ன கியரில், அப்பா சொன்ன வேகத்தில் இறங்கினோம். பின்னால் பத்துப் பன்னிரண்டு கார்கள் வரிசை கட்டி ஒலி எழுப்பின. அப்பா கையை வெளியே நீட்டி, "போங்கய்யா, போங்க" என்று வழிவிட்டுக்கொண்டே வந்தார்.

கிள்ளானுக்கு வந்து சேர்ந்த அன்று இரவே என் தேடல் தொடங்கிவிட்டது. இந்தக் காருக்குத் தரமான பிரேக் இல்லை, அதை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டியிருந்தேன். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். "மைவியோட பிரேக் டவுனுக்குத்தான் சரி. மலைக்குத் தாங்காது. பெருசா போடணும்." அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் மறுநாள் முதல் மகளைத் தன் தோழியின் காரில் பள்ளிக்கு அனுப்பினாள். எனக்கு அது சுருக்கென்றது.

இரண்டு வாரத்தில் பிரேக்கைப் பற்றி ஓர் அரைகுறைப் பண்டிதனாகிவிட்டேன். துளை போட்ட டிஸ்க், கோடு இழுத்த டிஸ்க், நான்கு பிஸ்டன் காலிப்பர், உலோக இழை பின்னிய பிரேக் குழாய். சிவப்புச் சாயம் அடித்த காலிப்பர் சக்கரத்தின் இடுக்கில் தெரிவது எவ்வளவு அழகு என்பதை நான் இங்கே மறைக்கப் போவதில்லை. ஷா ஆலாமில் ஒரு கடையில் விலை கேட்டேன். முன் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் 3,600 வெள்ளி. என் பதினைந்து அங்குல ரிம்முக்குள் அது அடங்காது. பெரிய ரிம்மும் டயரும் சேர்த்தால் ஐயாயிரத்தைத் தாண்டும். மகளின் பெயரில் ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் கை வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். உயிருக்கு முன்னால் பணம் பெரிதா? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் எந்தச் செலவையும் நியாயப்படுத்திவிடலாம்.

மனைவியின் தம்பி டர்போ கார் வைத்திருப்பவன். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சிப்பாங் ஓடுபாதைக்குப் போய் ஓட்டுவான். அவனுடைய காரில் இந்தப் பெரிய பிரேக் உண்டு. என் கட்சிக்கு ஆள் கிடைத்தது என்று அவனிடம் போனேன். அவன் சிரித்தான்.

"மாமா, சிப்பாங் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். ரெண்டு நீளமான நேர்ப்பாதை. ஒவ்வொண்ணு முடிவுலயும் இருநூறைத் தொட்ட வேகத்துல இருந்து சடார்னு குறைக்கணும். சுத்திச் சுத்தி அதையே செய்யணும். அங்க சாதாரண பேட் நாலாவது சுற்றுல செத்துரும். அதனால நான் போட்டிருக்கேன். நீங்க வேலைக்கும் கோயிலுக்கும் போறவர். உங்களுக்கு எதுக்கு?"

அவனுடைய பந்தய பேட்களுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அவை சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி முதல் சந்திப்பு விளக்கில் மிதித்தால் தயங்கும். பூனை கத்துவதுபோலக் கீச்சிடும். ரிம் முழுவதும் கரித்தூள். "வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் போறதுக்குள்ள அது சூடேறவே சூடேறாது. உங்களுக்கு இது ஆபத்துதான் மாமா" என்றான். "முதல்ல நம்ம அண்ணன் கடையில காட்டுங்க."

அந்த அண்ணனின் பட்டறை காப்பார் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர்ப் பலகை வெளிறிப் போயிருக்கும். நம் ஊரில் மெக்கானிக்கைப் போமன் என்று சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குத் தகுந்த ஆள். சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் பேட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதன் மேல்முகம் கண்ணாடியாகப் பளபளத்தது. விளிம்பைத் துடைத்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"எங்க மாத்தினது தம்பி?"

இங்கேதான் நான் இத்தனை நேரம் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய பேட் தேய்ந்தபோது, இணையத்தில் ஒரு பெட்டி 35 வெள்ளிக்கு வாங்கினேன். அட்டைப்பெட்டி அசல் போலவே இருந்தது. பக்கத்துத் தாமானில் ஒருவரிடம் கொடுத்து மாட்டினேன். கூலி 30. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா அன்றைக்கே கேட்டார்: "பிரேக்குல போயி காசு பாக்குறியா?" நானும் ஏதோ கிண்டலாகப் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவருக்கு இருக்கும்.

அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு புதிய பேட்டை எடுத்து விளிம்பைக் காட்டினார். எண்களுக்கு நடுவில் 'எஃப்எஃப்' என்று இரண்டு எழுத்துகள். முதல் எழுத்து மிதமான சூட்டில் பேட் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு. இரண்டாவது, நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பதற்கு. 'ஈ' என்றால் உராய்வு 0.25-இலிருந்து 0.35 வரை. 'எஃப்' என்றால் 0.35-இலிருந்து 0.45 வரை. 'ஜி' அதற்கும் மேல். சாதாரணக் குடும்பக் காருக்கு 'எஃப்எஃப்' போதும், மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் இரண்டாவது எழுத்தைக் கவனித்து வாங்கினால் நல்லது என்றார். என் பேட்டின் விளிம்பில் எழுத்தே இல்லை. எண்ணும் இல்லை. வெறும் கறுப்பு.

அடுத்து பிரேக் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். கோப்பி-ஓ நிறம். "இது எப்ப மாத்தினது?" மாற்றியதே இல்லை. கார் வாங்கி ஆறு வருடம், தொண்ணூறாயிரம் கிலோமீட்டர். இன்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிற எனக்கு, பிரேக் எண்ணெயையும் மாற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை. குறைந்தால் ஊற்ற வேண்டியது என்று மட்டும் நினைத்திருந்தேன்.

அந்த எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் சாதி. நம் நாட்டுப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் நாலு விழுக்காட்டுக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அந்தக் கொதிநிலை 140-க்கு இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு இதே கணக்கு 230, 155. எண்ணெயை அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் காலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால், ஆவி சுருங்கும். நாம் பெடலில் கொடுக்கும் பலம் முழுவதும் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். நான்காவது வளைவில் என் கால் பஞ்சுக்குள் போனது அப்படித்தான். அதற்கு முன் மூன்று வளைவுகளில் பெடல் இறுகியும் கார் நிற்காமல் போனது 35 வெள்ளி பேட்டின் வேலை. இரண்டு கோளாறுகளையும் ஒரே மலையில் வரிசையாகப் பார்த்த ஆள் நான்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார், ஆட்கள், முட்டைக்கோஸ் எல்லாம் சேர்த்து 1,350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு வருவதற்குள் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஆயிரம் என்றே வைத்தாலும், அந்த இறக்கத்தில் வெளிவரும் ஆற்றல் நாற்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலில் வைக்கிற அண்டாவை நினைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து காரை முழுவதுமாக நிறுத்தினால் வரும் சூட்டைப்போல இது சுமார் இருபது மடங்கு. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரைக் குறைத்தால் இன்ஜின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நான் இன்ஜினைச் சும்மா இருக்க வைத்துவிட்டு, அந்த அண்டாவை எழுத்தில்லாத இரண்டு ஜோடி பேட்களின் தலையில் ஏற்றியிருக்கிறேன்.

"அப்ப பெரிய டிஸ்க் போட்டா சூடு தாங்கும்தானே?" என்று அண்ணனிடம் விடாமல் கேட்டேன். ஆசை அவ்வளவு சீக்கிரம் போகாது.

தாங்கும் என்றார். கனமான டிஸ்க் சூடேற நேரம் பிடிக்கும், அது உண்மை. ஆனால் நான் ஆசைப்பட்ட துளை போட்ட டிஸ்க்கில், துளைத்த இடத்து இரும்பு போய்விடுகிறதே? அந்தக் காலத்துப் பேட்கள் சூட்டில் வாயு கக்கும். அது வெளியேறத்தான் துளை போட்டார்கள். இன்றைய நல்ல பேட்களுக்கு அந்தத் தேவை குறைவு. மட்டமாகத் துளையிட்ட டிஸ்க்கில் துளையைச் சுற்றியே விரிசல் விழும். கோடு இழுத்தது அதைவிடப் பரவாயில்லை, ஆனால் பேட்டைச் சீக்கிரம் தின்னும். பெரிய வேகக் கார்களில் துளை டிஸ்க் வருகிறதே என்றேன். "அவன் அதுக்குத் தகுந்த அளவுல செஞ்சு போடுறான் தம்பி. அந்தக் காடியில நாலு சக்கரமும் அதுக்குன்னே கணக்குப் பண்ணினது. நீங்க முன்னால மட்டும் பெருசா போடப் போறீங்க. பின்னால டிரம் அப்படியே இருக்கும்."

முன்பக்கம் மட்டும் பலம் கூடினால் முன் டயர்கள்தான் முதலில் வழுக்கத் தொடங்கும். பின் சக்கரங்கள் செய்ய வேண்டிய பங்கைச் செய்யாமலே இருக்கும். தொழிற்சாலையில் முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்துப் பார்த்து வைத்த பங்கீடு அது. ஐயாயிரம் வெள்ளி செலவழித்து அதைக் கலைத்துவிட்டு, பிறகு காப்புறுதிக்காரரிடம் போய் வண்டியில் மாற்றம் செய்திருக்கிறேன், பரவாயில்லையா என்று கேட்க வேண்டும். நான் அதுவரை அந்தக் கேள்வியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அவர் செய்ததுதான் என் ஆசையை அடக்கியது. நல்ல பேட் மாட்டி, எண்ணெய் மாற்றி, வண்டியைத் தொழிற்பேட்டை ஓரமாக ஆளில்லாத சாலைக்கு ஓட்டிவரச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, "ஐம்பதுல போங்க. நான் சொன்னதும் முழு பலத்தோட மிதிங்க, கால எடுக்காதீங்க" என்றார். மிதித்தேன். பெடல் காலடியில் தடதடவென்று உதறியது. கார் நின்றது.

"தடதடன்னுச்சே, அது ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்காம அதுதான் பிடிச்சுப் பிடிச்சு விடுது. அதாவது, சக்கரத்தைப் பூட்டுற அளவுக்கு இந்தச் சின்னப் பிரேக்குக்கே பலம் இருக்கு. இதுக்கு மேல நீங்க தங்கத்துல டிஸ்க் போட்டாலும் ஒரு தடவ நிக்கிற தூரம் பெருசா குறையாது. சக்கரத்தை நிறுத்துறதுதான் பிரேக்கு. காடியை நிறுத்துறது டாயரு."

இறங்கி வந்து என் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். முதல் இரண்டும் வாரம். அடுத்த இரண்டும் ஆண்டு. காரோடு வந்த டயர்கள். பள்ளம் இன்னும் இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். நகத்தால் அழுத்தினேன், மரக்கட்டை மாதிரி இருந்தது. மழை பெய்யும் நாட்டில் இந்த டயரோடு, சிவப்புக் காலிப்பருக்கு விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். டிஸ்க்கின் மேல் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருக்கும். அளந்து பார்த்ததில் என்னுடையது அந்த எல்லைக்கு வந்திருந்தது, சூட்டில் நீலம் பாய்ந்தும் இருந்தது. அதனால் சாதாரண டிஸ்க் ஒரு ஜோடி 260 வெள்ளி. 'எஃப்எஃப்' எழுதிய பேட் 130. டாட் 4 எண்ணெய் மாற்றிக் காற்று எடுத்தது 70. பின் டிரம்களைக் கழற்றித் துடைத்துச் சரிசெய்தது 40. மொத்தம் ஐந்நூறு. நான்கு டயர் 840. எல்லாம் சேர்ந்து 1,340 வெள்ளி. பிரேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்று ஓட்டுநர் பக்கக் கதவின் உள்ளே ஒரு தாளில் தேதி எழுதி ஒட்டினார்.

ஆக, பிரேக்கை மேம்படுத்துவது வீண் வேலையா? அப்படியும் சொல்ல மாட்டேன். மச்சான் போல ஓடுபாதைக்குப் போகிறவர்களுக்கு அது தேவை. இன்ஜின் பலத்தைக் கூட்டியவர்கள் பிரேக்கைக் கூட்டாமல் விட்டால்தான் தவறு. வாரத்துக்கு மூன்று முறை மலையேறி இறங்கும் ஆள் என்றால் ஒரு படி மேலான பேட்டும் டாட் 4 எண்ணெயும் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். மற்றபடி, தேய்ந்ததைத் தரமானதாக மாற்றுவதற்கும் பெரியதாக மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் புரிந்துகொள்ள ஒரு மலை தேவைப்பட்டது. எனக்கு அந்த 3,600 வெள்ளி பிரேக் ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்பதும் பட்டறை வாசலில்தான் உறைத்தது. அதை வாங்கியிருந்தால், குற்றம் காருடையது என்று ஆகியிருக்கும். அந்த 35 வெள்ளி பெட்டியைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேச வேண்டியிருந்திருக்காது.

அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். பழைய பேட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன், மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அன்னிக்கு மலையிலேயே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். சந்தேகம் இருந்தது என்றேன். "எனக்குக் காரு மேல பயம் வரல. நீங்க ஏதோ மறைக்கிறீங்கன்னுதான் பயமா இருந்துச்சு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மகளைத் தோழியின் காரில் அனுப்புவது மேலும் ஒரு வாரம் தொடர்ந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிப்பையைத் தூக்கிவந்து என் காரின் பின்னிருக்கையில் வைத்தாள்.

அதற்கு முந்தைய ஞாயிறு இன்னொரு வேலை இருந்தது. புது டிஸ்க்கும் பேட்டும் ஒன்றோடொன்று படிய வேண்டும். அறுபது வேகத்தில் போய், நிதானமாக மிதித்துப் பத்துக்குக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல் மறுபடி அறுபதுக்குப் போக வேண்டும். எட்டுப் பத்து தடவை. அதன்பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். ஆளில்லாத சாலை வேண்டுமே என்று காலை ஆறரைக்குக் கிளம்பினேன். வாசலில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"நானும் வாரேன்."

அப்பா இருபது வருடத்துக்கு மேல் கேமரன் மலையிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டியவர். இரவில் ஏற்றி, விடியும் முன் இறக்க வேண்டும். அந்தப் பழைய தாப்பா பாதையில் எத்தனை வளைவு என்பது அவர் உடம்புக்குத் தெரியும். அவர் ஓட்டிய இசுசு லோரியில் பிரேக் எப்போதும் அரைகுறைதான். முதலாளி சொன்னால்தான் மாற்றுவார்கள். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்குவாராம். "பிரேக்கை நம்பி மலையில இறங்கினவன் நான் இல்ல" என்று அன்றைக்குத்தான் சொன்னார். அவருடன் ஓட்டிய ஒருவர் ஒரு மழை இரவில் ரிங்லெட்டுக்குக் கீழே லோரியோடு போய்விட்டதையும் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நான் முப்பத்து மூன்று வருடம் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அதைக் கேட்டதில்லை.

"ஒண்ணு" என்றார், நான் முதல் தடவை குறைத்ததும். "ரெண்டு." ஒவ்வொன்றாக எண்ணினார். ஆறாவது தடவை லேசாகக் கருகல் வாசம் வந்தது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "இது புதுசு படியற வாசம். அது வேற, இது வேற. ஓட்டு" என்றார். பத்து முடிந்ததும் ஆறவிடுவதற்காக மேரு வரை போய், ஒரு கடையில் பசியாறினோம். அவர் ரொட்டிச் சானாயைப் பிய்த்துக்கொண்டே, "அந்த 35 வெள்ளிக்காரனுக்கு எழுதிப் போட்டியா?" என்று கேட்டார். கடை அதற்குள் மறைந்துவிட்டது என்றேன். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டிசம்பரில் மறுபடி கேமரன் மலை போனோம். சிம்பாங் பூலாய் வழியாக இறங்கலாம், பாதை அகலம் என்று நான் சொன்னேன். அப்பா பழைய பாதைதான் என்றார். மனைவி எதுவும் சொல்லவில்லை, பின்னால் ஏறி மகளுக்கு இருக்கைப் பட்டையை மாட்டினாள். ரிங்லெட் தாண்டியதும் கியரைக் குறைத்தேன். இன்ஜின் உறுமிக்கொண்டே வந்தது. வளைவுக்கு முன்னால் ஒரு தடவை அழுத்தமாக மிதிப்பது, வளைவில் விட்டுவிடுவது. காலைப் பெடல் மேலேயே வைத்துக்கொண்டு இறங்குவதில்லை. அப்பாவின் வலது காலை ஓரக்கண்ணால் பார்த்தேன். மடித்து, இடது காலின் மேல் போட்டிருந்தார்.

லாத்தா இஸ்கண்டாரில் அம்மாவுக்குப் பெத்தாய் வாங்க நிறுத்தினோம். அப்பா இறங்கி, முன் சக்கரத்தின் அருகே குனிந்து, தொடாமல் உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்தார். ஒருமுறை மோந்தார். பிறகு ஓரத்துக்குப் போய், புல்லுக்குள் காலால் துழாவி ஒரு கல்லைத் தேடி எடுத்துவந்து, டயருக்கு முட்டுக் கொடுத்தார்.

"பிரேக் நல்லாதானேப்பா இருக்கு?"

"இருக்கட்டும்" என்றார்.